மலைக்குப் புறப்படுமுன்

ஓர்ஸ் ஹில் மேட்டிலே ஏறி இறங்கி, துறைமுகத்துக் கப்பல்களை எண்ணி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மலைநாட்டின்மீது தனியொரு மோகம் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியிலே நடந்து, கூடாரமடித்து ஓர் இரவேனும் தங்கிவர அவர்கள் விரும்புவது நன்றே. ஆயினும், அப்பயணத்தின் முதல் அடி வீட்டு நாட்காட்டியின் முன்னே வைக்கப்பட வேண்டும்.

1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் தாங்கிய இச்சமவெளி, 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆயிற்று. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் பரப்பிலே புல்வெளியும் முகிற்காடும் கலந்து கிடக்கும் பூமி அது.

எந்த மாதத்திற் போவது? ஆகஸ்டில் நம்மூரிலே கச்சான் காற்று வெப்பமாய், வறண்டு வீசும். அதைக்கொண்டு மலையிலும் மழையிராது என்று எண்ணிவிடலாகாது. அதே காற்று தன் ஈரத்தையெல்லாம் மலையிலே மழையாய்ப் பொழிந்துவிட்டே நம்மிடம் வருகிறது! ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே நடைக்கு ஏற்றது.

அப்பொழுது மழை குறைவு, குளிரோ கடுமை. ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளிற் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. ஆதலின் கம்பளிச் சட்டை, காலுறை, மழையங்கி, மாற்றுடை ஆகியவற்றை மறவற்க. சமைக்க எண்ணும் தாய்மாருக்கு ஒரு சொல்: அவ்வுயரத்தில் நீர் 93 பாகையளவிலேயே கொதித்துவிடுமாதலால், பருப்பு வேக நெடுநேரஞ் செல்லும்.

பட்டிப்பொல, ஒகிய என்பனவே அண்மையிலுள்ள புகையிரத நிலையங்கள். வண்டி ஓடுகிறதா என்பதை முன்னரே விசாரித்தறிக. கூடாரமடிக்க வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். குறித்த இடமன்றி வேறெங்கும் தங்குதல் கூடாது. காய்ந்த புல்வெளி சிறு பொறியாலும் பற்றும். தீயிலே மிகுந்த கவனம் வேண்டும்.

உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். விடிந்தவுடன் நடக்கத் தொடங்குக. வெயில் ஏற, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து மூடுபனியாகிவிடும். பத்து மணிக்குப் பின் கண்முன்னே வெண்திரையன்றி வேறெதுவும் தெரியாது போகலாம். அங்கே பாறையின் விளிம்பிலிருந்து 800 மீற்றருக்கு மேற்பட்ட பாதாளம். புகைப்படத்துக்காக ஓரடி முன்வைத்தவரை மீட்க யாராலும் இயலாது. சிறுவரின் கையைப் பெரியவர்கள் விடாதிருப்பார்களாக.

இனி உணவுப் பொதி. பொலித்தீனைப் பூங்காவினுள் கொண்டுசெல்லத் தடையுண்டு. உணவு மணம் பட்ட உறையை மரைகள் விழுங்கி மடிவதுமுண்டு. வாழையிலையிற் கட்டிய சோறும், மீண்டும் நிரப்பக்கூடிய தண்ணீர்ப் போத்தலும் போதும். கொண்டுபோனதில் மிஞ்சியது எதுவாயினும் திரும்பக் கொண்டுவருக.

இது சட்டத்துக்காக மாத்திரமன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அச்சமவெளி நீர் ஊட்டுகிறது. அவற்றுள் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, வயல்களை வளமாக்கி, நம் கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. மலையிலே நாம் எறிவது என்றோ ஒருநாள் நம் கரைக்கே வந்து சேரும். பிள்ளைகளே, புறப்படுமுன் இலங்கைப் படத்தை விரித்து, அந்த ஆற்றின் வழியை ஒருமுறை விரலால் தொடர்ந்து பாருங்கள்.