கம்பம் நடும் முன்

ஒரு தெருவுக்கு மின்கம்பி எந்த வழியாக வரும் என்பதை முதலில் தீர்மானிப்பது மின்மாற்றி நிற்கும் இடம். துணைமின் நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட்டில் வரும் மின்சாரம் அங்கேதான் வீட்டுக்கேற்ற அளவுக்குக் குறைகிறது. அதன் பிறகு கம்பி நீள நீள மின்னழுத்தம் சரியும். கடைசி வீட்டு மின்விசிறி மந்தமாகச் சுற்றுவது இதனால்தான். ஆகவே, மின்பயன்பாடு அதிகமுள்ள பகுதியின் நடுவில் மின்மாற்றியை வைப்பதே முறை. நடைமுறையிலோ, யாரும் ஆட்சேபிக்காத புறம்போக்கு மூலையே பல நேரம் இடத்தை முடிவு செய்துவிடுகிறது.

அடுத்தது இடைவெளி. மத்திய மின்சார ஆணைய விதிகளின்படி, தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. 11 கிலோவோல்ட் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். கம்பி இழுத்தபோது இருந்த இந்த இடைவெளியைப் பின்னால் நீட்டிக் கட்டிய பால்கனி விழுங்கிவிடுகிறது. துணி உலர்த்தும் கைக்கு எட்டும் தூரத்தில் கம்பி போகிறது. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மூன்றாவது, கம்பியைக் கம்பத்தில் இழுப்பதா, வடமாக மண்ணுக்குள் புதைப்பதா என்பது. 2018 கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. புதைவடத்தைக் காற்று தொடாது. ஆனால் செலவு பல மடங்கு, பழுதைக் கண்டுபிடிப்பதும் கடினம். கடலோர ஊர்களில் அந்தச் செலவு தகும்.

கம்பம் நடும் முன் வழித்தட வரைபடத்தைத் தெருவாசிகளுக்குக் காட்ட வேண்டும். கட்டட அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள் கம்பியின் தூரத்தை நேரில் அளந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.