கடல்மேல் கலியாணம்



நாகமலை புதுக்கோட்டையில் நம் பங்கு இல்லத்து மாடியில் நின்று நோக்கினால் மலைதான் தெரியும். நீட்டிப் படுத்த நாகம் போல் அது கிடக்கிறது. கடலைக் காண வேண்டுமானால் பேருந்தேறிப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். அத்தகைய ஊரில், 2023-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா கழிந்த மறுவாரம், ஓர் இளைஞரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் நம்மிடம் வந்து, "ஃபாதர், எங்கள் கலியாணத்தைக் கப்பலில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டனர். முதலில் நாம் நகைத்துவிட்டோம். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தோம். விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது விளங்கிற்று.

அவர்கள் ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'கார்டிலியா' என்னும் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கிற்று. மறு ஆண்டு ஜூனில் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்றது. அந்த அறிவிப்பைக் கண்டுதான் இவர்கள் வந்திருந்தனர். அதற்கு முன்பே நம் மதுரை வானத்திலேயே ஒரு திருமணம் நடந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டீர்கள். 2021 மே 23 அன்று, கொரோனா முழு ஊரடங்கு தொடங்குவதற்கு முதல் நாள், மதுரையிலிருந்து வாடகைக்கு அமர்த்திய விமானத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உறவினரோடு பறந்து, மேகங்களுக்கு நடுவே ஒரு மணமகன் தாலி கட்டினார். முகக்கவசமும் இடைவெளியும் இல்லாத அக்காட்சி நாடெங்கும் பரவவே, விமானப் போக்குவரத்துத் துறை விசாரணைக்கு ஆணையிட்டது. விமானப் பணியாளர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். 'வானில் முடியுமானால் கடலில் ஏன் முடியாது?' என்று இளைஞர் நினைத்ததில் வியப்பில்லை.

"சரி, மணமுடித்து வைப்பவர் யார்?" என்று கேட்டோம்.

"கப்பல் தலைவர்தான், ஃபாதர். கேப்டனுக்கு அந்த அதிகாரம் உண்டல்லவா?"

திரைப்படங்கள் பரப்பிய நம்பிக்கை இது. உண்மை வேறு. ஒரு கப்பல் எந்த நாட்டில் பதிவாகியுள்ளதோ அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே அதன் தலைவர் திருமணம் செய்து வைக்க இயலும். அவ்வாறு அனுமதிக்கும் நாடுகள் சிலவே. பெயர்பெற்ற 'குனார்ட்' நிறுவனம் 2011-ஆம் ஆண்டு தன் மூன்று கப்பல்களின் பதிவை இங்கிலாந்தின் சவுத்தாம்டனிலிருந்து பெர்முடாத் தீவுக்கு மாற்றியது. கப்பலில் திருமணம் நடத்த வழி பிறக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். அந்நிறுவனத்திற்கே பதிவு மாறும் வரை அது கைகூடவில்லை என்றால், மற்றக் கப்பல்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

நாட்டுச் சட்டம் இடங்கொடுத்தாலும் கத்தோலிக்கருக்குக் காரியம் அதோடு முடிவதில்லை. ஆயரோ, பங்குத் தந்தையோ, அவர்களிடம் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ திருச்சபையின் பெயரால் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். இரு சாட்சிகள் உடனிருக்க வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1108-ஆம் விதி இது. முறையான விதிவிலக்குப் பெறாமல் கப்பல் தலைவர் முன்னிலையில் மட்டும் செய்துகொள்ளும் திருமணம் திருச்சபையின் கண்ணில் செல்லாது. வேறு தகுந்த இடத்தில் மணமுடிக்க அனுமதி தரும் உரிமை ஆயருக்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் பங்குக் கோவிலே திருமணத்துக்குரிய வழக்கமான இடம்.

"அப்படியானால் நீங்களே எங்களோடு கப்பலுக்கு வந்துவிடுங்களேன், ஃபாதர்!" என்றாள் அந்தப் பெண். அழைப்பு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் பங்குத் தந்தை என்ற முறையில் நமக்குள்ள திருமண அதிகாரம் நம் பங்கின் எல்லையோடு முடிகிறது. வங்கக் கடல் நம் பங்கில் இல்லை! கப்பலில் பணியாற்றும் ஆன்மகுருவுக்கும் இதே நிலைதான். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கடற்பயண மக்களுக்கென வெளியிட்ட ஒழுங்குகளின்படி, மணமக்களின் ஊர்ப் பங்குத் தந்தையோ ஆயரோ அதிகாரம் அளித்தால்தான் அவர் பயணத்தில் ஒரு திருமணத்தை நடத்தி வைக்கலாம். நடத்திய பின் விவரங்களை ஊர்ப் பதிவேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். எத்தனை கடல் தாண்டினாலும் திருமணம் ஊர்ப் பதிவேட்டுக்கே திரும்பி வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இளைஞர் விடவில்லை. "போப்பாண்டவரே விமானத்தில் கலியாணம் செய்து வைத்தாரே?" என்றார்.

நல்ல கேள்வி. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஜனவரி 18 அன்று சிலி நாட்டில் பயணம் செய்கையில், விமானப் பணியாளர் இருவருக்கு விமானத்திலேயே மணமுடித்து வைத்தது உண்மை. ஆனால் அவர்கள் வேடிக்கைக்காகக் கேட்டவர்கள் அல்லர். 2010-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவர்கள் மணமுடிக்கவிருந்த கோவில் சேதமுற்றது. அரசுப் பதிவுத் திருமணத்தோடு வாழ்ந்து, இரு பெண்மக்களையும் பெற்றபின், கிடைக்காமற்போன திருவருட்சாதனத்தின் ஏக்கம் அவர்கள் நெஞ்சில் இருந்தது. அதைத்தான் திருத்தந்தை தீர்த்து வைத்தார். அங்கும் சாட்சி இருந்தார். கையால் எழுதிய தாளில் கையொப்பங்கள் இடப்பட்டன. திருத்தந்தைக்கோ உலகமே பங்கு. நமக்கு அப்படியன்று!

இவ்வளவும் சட்டம். சட்டத்தை நாம் இத்தனை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு நம்மிடம் வந்தாள். வெளிநாட்டுக் கப்பலொன்றில் மணமுடித்தவள். அழகிய படத்தொகுப்பு ஒன்றையும், பொன்னெழுத்தில் அச்சிட்ட சான்றிதழ் ஒன்றையும் காட்டினாள். படித்துப் பார்த்தோம். அது பயண நினைவாகக் கப்பலில் தரும் வாழ்த்துத் தாள். எந்த அரசின் முத்திரையும் அதில் இல்லை. கணவன் அவளை விட்டுப் போய்விட்டான். 'எனக்குக் கலியாணமே ஆகவில்லை' என்றும் சொல்லத் துணிந்துவிட்டான். "அன்று எங்களோடு இருந்தவர்கள் யாரம்மா?" என்று கேட்டோம். "பயணிகள், சாமி. பெயர்கூடத் தெரியாது" என்று சொல்லி அழுதாள். குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தோம். அவளுக்காகச் சாட்சி சொல்ல ஓர் ஆளை மட்டும் நம்மால் தேடித் தர இயலவில்லை.

மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதையும், ஊரைக் கூட்டுவதையும், பதிவேட்டில் ஒப்பமிடுவதையும் வெறுஞ்சடங்கு என்று எண்ணுவோர் அப்பெண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு வந்தவர்கள் விருந்துண்ண மட்டும் வந்தவர்கள் அல்லர். நாளை வீட்டில் பூசல் எழுந்தால் படியேறி வந்து, 'தம்பி, அன்று நீ கொடுத்த வாக்கு எங்கே?' என்று கேட்கும் உரிமை பெற்றவர்கள் அவர்களே.

இவற்றை அவ்விருவருக்கும் எடுத்துரைத்தோம். மறுநாள் இளைஞரின் அப்பத்தா, எழுபத்தொன்பது வயதான மூதாட்டி, தடியூன்றி நம்மிடம் வந்தார். "சாமி, எங்க அக்காவும் கப்பலேறிப் போனவதான்" என்று தொடங்கினார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய 'ரஜுலா'வை அறிந்தோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஆயிரக்கணக்கான தமிழரை மேல்தட்டில் ஏற்றிச் சென்றது. பின்னர் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-இல் தீ விபத்துக்குள்ளானதோடு அவ்வழிப் பயணம் நின்றது. "அக்கா கலியாணத்தை ஊரே பார்த்துச்சு, சாமி. நாகப்பட்டினம் வரைக்கும் போய் வழியனுப்பினோம். கலியாணத்தை முடிச்சுட்டுத்தானே கப்பலேறுனா?" என்றார்.

நாம் அரை நாள் விளக்கியதைப் பாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். மே மாதம் நம் பங்குக் கோவிலில் திருமணம் நடந்தது. பாட்டி முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். ஜூனில் மணமக்கள் கப்பலேறினர்.

அவ்வாறு செல்ல விரும்பும் மற்றோருக்கும் சில சொற்கள். திருமணத்தைத் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசிலும் பதிவு செய்யுங்கள். கோவில் பதிவேடு இருப்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். அயல்நாட்டுத் துறையைத் தொடும் பயணமானால் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கட்டும். மூலச் சான்றிதழ்களை வீட்டில் வைத்துவிட்டு நகல்களைக் கொண்டு செல்லுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் எழும் காலம். அதைத் தவிர்ப்பது நன்று. தலைசுற்றலும் குமட்டலும் வருவோர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டுப் பெறுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு இராதீர்கள். மருந்தை மருத்துவரிடம் கேட்டு, குமட்டல் வருமுன்னரே உட்கொள்ளுங்கள். பயணச் சீட்டின் விலையில் எவையெவை அடங்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சூதாட்ட அறையின் பக்கம் போகாதீர்கள். ஞாயிறு திருப்பலி கப்பலில் கிடைக்காவிடில் இருவரும் ஒன்றாய் அமர்ந்து மறைநூலை வாசித்துச் செபியுங்கள். அதுவே உங்கள் குடும்பச் செபத்தின் தொடக்கமாகட்டும்.

திரும்பி வந்த மணமக்கள் நம்மைக் காண வந்தனர். பயணம் எப்படி என்று கேட்டோம். கடல் அழகாக இருந்ததாம். முதல் நாள் முழுதும் பெண்ணுக்கு வாந்தியாம். "இவர்தான் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டார், ஃபாதர்" என்றாள் அவள். இன்பத்திலும் துன்பத்திலும் என்று பீடத்தின் முன் கொடுத்த வாக்கு ஒரு மாதத்திற்குள்ளேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு ஆசீர் அளித்து அனுப்பினோம்.