உச்சரிப்பைத் திருத்துங்கள், வாயை அடைக்காதீர்கள்!

இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு மொபைல் போனில் குட்டிக் குட்டி வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2020ல் டிக்டாக் தடை செய்யப்பட்ட பிறகு ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்று பெயர் மாறியதே தவிர, பார்ப்பது குறையவில்லை. சமையல், கோலம் மாதிரியே ஆங்கில உச்சரிப்பு சொல்லித் தரும் வீடியோக்களும் அதில் நிறைய வருகின்றன.

தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்த என் போன்றவர்களுக்கு இது நல்ல வாய்ப்புதான். உதாரணத்துக்கு, 'வெட்' என்று நாம் சொன்னால் கால்நடை டாக்டரா, ஈரமா என்று தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'வ' தானே! மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டால் டாக்டர். பல் படாமல் உதட்டைக் குவித்துச் சொன்னால் ஈரம். புத்தகத்தில் பத்து தடவை படித்தாலும் புரியாத இந்த வித்தியாசம், சொல்பவரின் உதட்டைப் பார்த்ததும் சட்டென்று புரிந்து விடுகிறது.

ஆனால், பல வீடியோக்கள் 'நீங்க சொல்றது தப்பு' என்றே ஆரம்பிக்கின்றன. அதைப் பார்க்கும் பிள்ளைகள் படிக்கிறார்களோ இல்லையோ, பெரியவர்களைக் கேலி செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா, 'ரிசீட்' என்பதை எழுத்துப்படி 'ரிசிப்ட்' என்று சொல்லப்போக, மகள் தோழிகள் முன்னாலேயே சிரித்து விட்டாள். அன்றிலிருந்து அவர் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போவதே இல்லை, கணவரைத்தான் அனுப்புகிறார்.

இத்தனைக்கும், சில வார்த்தைகளுக்கு இரண்டு உச்சரிப்பும் சரி. 'ஷெட்யூல்' என்பது பிரிட்டிஷ்காரர் வழக்கம். 'ஸ்கெஜுல்' என்பது அமெரிக்கர் வழக்கம். இதில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது?

சகோதரிகளே, ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். வீடியோவைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்து விட்டு, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பத்து தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். குரலைப் பதிவு செய்து கேட்டால் வித்தியாசம் தெரியும். சந்தேகம் வந்தால், கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் இரண்டு நாட்டு உச்சரிப்பையும் காசில்லாமல் கேட்கலாம்.

வெள்ளைக்காரர் தட்டுத் தடுமாறி 'வணக்கம்' சொன்னால் கை தட்டி ரசிக்கிறோம். நம் வீட்டு அம்மா ஆங்கிலத்தில் தடுமாறினால் மட்டும் சிரிப்பா? பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்லி வையுங்கள்!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.