கொரோனா காலத்து கிசான் பணம்: உழுதவன் கணக்கு காலி, யார் கணக்கிலோ வரவு!



2020 ஏப்ரல் மாதத்தை நாம் மறந்துவிட முடியுமா? ஊரடங்கில் வானூர், மரக்காணம் பக்கமெல்லாம் தர்பூசணி கொடியிலேயே கிடந்து அழுகியது. லாரி இல்லை, வியாபாரி இல்லை. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டையும் மூடிட்டாங்க. திருவக்கரையில் பௌர்ணமிக் கூட்டமும் நின்னு போச்சு.

அப்போது மத்திய அரசு நமக்கு அறிவித்த நிவாரணம் 2,000 ரூபாய். அது புதுப் பணமே இல்லை. 2019-இல் தொடங்கிய கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு மூன்று தவணையாக வர வேண்டிய 6,000 ரூபாயில் ஒரு தவணையை முன்கூட்டிப் போட்டுவிட்டு, கொரோனா உதவி என்று பேர் வச்சாங்க. இன்றைய விலைக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., இரண்டு மூட்டை யூரியா வாங்கினால் 2,000 கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும்.

அந்தப் பணத்திலும் கொள்ளை! ஆன்லைனில் பதியலாம் என்று திறந்துவிட்டார்கள், சரிபார்க்க ஆள் இல்லை. அதிகாரிகளின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் போனது. 13 மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள், சுமார் 110 கோடி ரூபாய் போனது என்று 2020 செப்டம்பரில் அரசே சொன்னது. நம் விழுப்புரமும், கள்ளக்குறிச்சி, கடலூரும் அதில் முன்னணி! சி.பி.சி.ஐ.டி. வழக்குப் போட்டது. இடைத்தரகர்கள் கைதானார்கள், ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள்.

பணத்தைத் திரும்ப வாங்கியதில் தப்பில்லை. ஆனால் "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் குடும்மா" என்று தரகன் கேட்டதை நம்பிக் கொடுத்த கூலிக்காரப் பெண்களின் கணக்கை முடக்கினார்களே, அவங்க கொடுத்த கமிஷனை யார் திருப்பிக் கொடுத்தது?

இதைவிடப் பெரிய அநியாயம் சட்டப்படியே நடக்கிறது. பட்டா யார் பேரில் இருக்கோ அவருக்குத்தான் பணம். குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டு, நஷ்டத்தைச் சுமந்தவனுக்கு ஒரு பைசா கிடையாது. சென்னையில் குடியிருக்கும் பட்டாதாரருக்குத் தவணை தவறாமல் வருது. இதைச் சொன்னால் நம் சங்கத்திலேயே சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

குத்தகையைப் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போயிடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தும், நம் பக்கம் பெரும்பாலும் வாய்ச்சொல் குத்தகைதான். சரி, அந்தப் பயத்துக்கும் வழி உண்டு. பயிர்க் காப்பீட்டுக்கு குத்தகைக்காரர் வி.ஏ.ஓ. கொடுக்கும் அடங்கலைக் காட்டிச் சேருகிறார். காப்பீட்டுக்குச் செல்லும் அடங்கல் கிசான் பணத்துக்கு மட்டும் ஏன் செல்லாது? ஒடிசா அரசு 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் குத்தகை விவசாயியும் நிலமற்ற கூலியும் இருந்தார்கள். அமெரிக்காவில் 2020-இல் பண்ணைகளுக்கு 1,600 கோடி டாலர் ஒதுக்கியபோதும், பயிரின் நஷ்டத்தில் பங்குள்ள குத்தகைதாரருக்கு இடம் இருந்தது. இங்கே மட்டும் முடியாதாம்!

அப்பா இறந்து பட்டா மாறாமல் கிடக்கும் குடும்பங்களும் வெளியேதான் நிற்கின்றன. தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஊர்வாரியான பயனாளிகள் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். பட்டியல் ஊருக்குத் தெரிந்திருந்தால் 2020 மோசடி ஒரு மாசம்கூடத் தாங்கியிருக்காது. அடங்கலை ஏற்று குத்தகைக்காரரைச் சேர்க்க வேண்டும். 2019-இல் நிர்ணயித்த தொகையை உர விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

வருகிற கிராம சபைக்கு எல்லாரும் வாங்க. பட்டா நகல், பாஸ்புக், அடங்கல் எது இருக்கோ அதை எடுத்துக்கிட்டு வாங்க. குத்தகைக்காரர்கள் கூச்சப்படாமல் முன் வரிசையில் உட்காருங்கள். தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்போம்.