மலையும் பொது, பொறுப்பும் பொது

பனிச்சறுக்கு தனவந்தரின் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுவர். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரான வெஸ்ட் வின்ட்சர் அக்கருத்தை மாற்றியுள்ளது.

அவ்வூர் அஸ்கட்னி மலையில் தனியார் நடத்திய சறுக்கு நிலையம் 2010-இல் மூடப்பட்டது. வீட்டு மதிப்புச் சரிந்தது. ஊர்க் கடையும் மூடிற்று. மக்கள் வாளாவிருக்கவில்லை. வாக்கெடுத்து, நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றின் துணையுடன் 2015-இல் 469 ஏக்கரை ஊருடைமையாக்கினர். இன்று இலாபநோக்கற்ற சங்கமொன்று தொண்டர்களைக் கொண்டு அதனை நடத்துகிறது. அடிவாரத்தில் கயிற்று இழுவை உண்டு. மேற்சரிவுகளில் தம் காலாலேயே ஏறிச் சறுக்கலாம்.

அம்மாநிலத்து மாட் ரிவர் கிளென் மலையை 1995-இல் சறுக்குவோரே கூட்டுறவாக வாங்கினர். அதற்கு அங்கத்தினர் பங்குத்தொகை உண்டு. அஸ்கட்னிக்கோ அஃது இல்லை, நன்கொடையே பெருந்துணை.

நிலம் வாங்க நன்கொடை ஒருமுறை திரளும். ஆண்டுதோறும் புதர் வெட்டவும், இழுவையைப் பழுதுபார்க்கவும், காப்பீடு கட்டவும் அவ்வாறு திரளுமா? காப்பு நிதியற்ற சங்கம், எத்துணை உற்சாகத்துடன் தொடங்கியதாயினும், தணிக்கையில் நமக்குக் கவலையே தரும். கட்டணத்தை உயர்த்தினாலோ எளியோர் விலகுவர். மலை மீண்டும் தனவந்தருடையதாகும்.

ஆகவே, பொதுவழியை எல்லோர்க்கும் திறந்து வைக்கும் இத்தகைய சங்கங்களுக்கு, சாலைக்கும் நூலகத்திற்கும் அளிப்பது போன்றே, அரசு ஆண்டு மானியம் அளித்தல் வேண்டும். அதற்கீடாகச் சங்கமும் தன் வரவு செலவை ஊரார் முன் வைத்தல் வேண்டும். தொண்டர்தம் உழைப்பை மட்டுமே நம்பி ஒரு மலையை நெடுநாள் காத்தல் இயலாது என்பதே நம் துணிபு.