விட்டுவிட்டு வா என்னும் வாதம்

போதை ஊசி போடுவோர் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கமாட்டார்கள், ஆகவே பழக்கத்தை விட்ட பிறகே எச்.ஐ.வி. சிகிச்சை தரலாம் என்போர் சிகிச்சையின் பயனை அதன் நுழைவுச்சீட்டாக்குகின்றனர். ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்க, மருத்துவக் கண்காணிப்பில் நாள்தோறும் வாய்வழி தரப்படும் மெத்தடோன் என்னும் மாற்று மருந்தைப் பெறுவோர் எச்.ஐ.வி. கூட்டுமருந்துகளைக் கூடுதல் ஒழுங்குடன் உட்கொள்வதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்கூட்டு மருந்துகளுள் ஒன்றான எபாவிரென்ஸ், இரத்தத்தில் மெத்தடோனின் அளவைக் குறைத்து, உடல்வலி, வியர்வை, தூக்கமின்மை எனப் பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடுகையில், மெத்தடோனை உயர்த்தித் தராத மருத்துவரை விட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்திய நோயாளியைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்? உலக சுகாதார அமைப்பு 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்த மெத்தடோனைத் தடைசெய்துள்ள ரஷ்யா, 2014இல் கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபோது, அங்கு மாற்று மருந்து பெற்றுவந்த ஏறத்தாழ 800 பேருக்கும் அது நிறுத்தப்பட்டது.