பட்டியல் யார் கையில்?

"எந்தப் படத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யப் பாமரனுக்கு என்ன தெரியும்? பட்டியலை நாங்கள் தருகிறோம். பார்த்துவிட்டுப் பேசுங்கள், அது போதும்!"

இவ்விதம் பேசுகின்றனர் சில பெரியவர்கள். எங்கே பேசுகின்றனர்? அரண்மனையிலா? ஆதீன மடத்திலா? இல்லை, தோழர்களே! 'எவர் சொல்லையும் ஏன் எதற்கு என்று கேள்' என மேடையிலே முழங்கும் அதே நாவினால், திரைப்படக் கழகத்தின் கூடத்திலே அமர்ந்து பேசுகின்றனர்! கேட்டோம், திகைத்தோம். திகைப்பு தீர்ந்தபின், இதனைத் தீர ஆராயாமல் விடுவது தவறு என்று துணிந்தோம்.

நமது ஊர்ப் படிப்பகத்தின் பின்கூடத்தில், திங்களுக்கு ஒரு படம் திரையிட்டு, பார்த்தபின் கூடிப் பேசுகிறோம். நெசவாளர் வருகின்றார், ஆசிரியர் வருகின்றார், கடைக் கணக்கர், கல்லூரி மாணவர், மருத்துவமனைச் செவிலியர் எல்லோரும் வருகின்றனர். முதலாண்டில், பன்னிரண்டு படங்களையும் தேர்ந்தவர் ஒருவரே. கற்றவர், அதை மறுப்பார் இல்லை. நல்ல படங்களையே தேர்ந்தார். அதையும் மறுப்பார் இல்லை. ஆயினும் கூடம் தேய்ந்தது. ஆண்டு முடிவில், போட்ட பாயில் பாதி வெறும் பாய்! "மக்களுக்குச் சுவை இல்லை" என்று தீர்ப்பளித்தார் கற்றவர். சுவை இல்லையா, சொல்ல இடம் இல்லையா? அதை அவர் ஆராயவில்லை.

நாம் ஆராய்ந்தோம். அவர் தந்த பட்டியலில் இத்தாலி நாட்டு இயக்குநர் டி சிகா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' இருந்தது. படத்துக்கு முன் ஒரு மணி நேரம் சொற்பொழிவு! நியோ ரியலிசம் என்றார், போருக்குப் பிந்திய ஐரோப்பா என்றார், மேலும் என்னென்னவோ என்றார். கேட்டவர் கொட்டாவி விட்டனர். படம் முடிந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஈராண்டு கழித்து, அதே படத்தை மீண்டும் போடவேண்டும் என்று கேட்டார் ஒரு நெசவாளர். ஏன் என்றோம். "படுக்கை விரிப்பை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்கிறானே, அந்த இடம் என் வீட்டுக் கதை" என்றார். அன்று கூடம் நிரம்பிற்று. திருட்டுக் கொடுத்தவனே இறுதியில் திருடத் துணிகிறான்; பிடிபடுகிறான்; தலை குனிந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றுகிறான். அந்தக் காட்சியைப் பற்றி மட்டும், அன்றிரவு பதினொரு மணி வரை பேச்சு ஓயவில்லை! அதே படம், அதே கூடம், அதே மக்கள். மாறியது ஒன்றே, முன்பு வழங்கப்பட்டது, பின்பு விரும்பிக் கேட்கப்பட்டது.

வரலாறு தெரியாமல் பேசுகிறோம் என்பரோ? வரலாற்றையே பார்ப்போம். லண்டன் மாநகரில் 1925-இல் ஒரு திரைப்படக் கழகம் தோன்றிற்று. ஐசன்ஸ்டைன் எடுத்த 'போர்க்கப்பல் பொதம்கின்' பொதுமக்கள் பார்க்கலாகாது என்று தடுத்தனர் அந்நாட்டுத் தணிக்கையாளர். அத்தடை 1954 வரை நீடித்தது. அந்தப் படத்தைக் கழகம் 1929-இலேயே தன் உறுப்பினருக்குத் திரையிட்டுக் காட்டிற்று. நம் நாட்டிலே சத்யஜித் ராய் முதலியோர் 1947-இல் கல்கத்தாவில் கழகம் கண்டனர். 1959-இல் இந்தியக் கழகங்களுக்கு ஒரு கூட்டமைப்பும் எழுந்தது. வணிகர் கொண்டுவருவதும் தணிக்கையாளர் விட்டுவைப்பதும் மட்டுமே நமக்குரியன அல்ல என்ற துணிவு இக்கழகங்களை வளர்த்தது. அப்படிப்பட்ட இடத்திலே மற்றொரு தனி மனிதர் அமர்ந்து, 'இதைப் பார், அதைப் பாராதே' என்பது, கத்தரிக்கோலைக் கைமாற்றிக் கொள்வது அல்லாமல் வேறென்ன?

முன்னாளில் ஒரு சாக்கு இருந்தது. படச்சுருளைத் தூதரகங்களிடம் கேட்டுப் பெறவேண்டும். 1964-க்குப் பின் புனா ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். கிடைத்ததைக் காட்டினர், குறை சொல்வதற்கில்லை. இன்று ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, காட்டுவதற்குரிய இசைவு ஆகியவை இருந்தால் உலகத்துப் படங்கள் பலவும் கூடத்துக்கு வரும். சாக்கு போயிற்று; சட்டாம்பிள்ளைத்தனம் மட்டும் போகவில்லை!

"பெரும்பான்மையிடம் விட்டால் மட்டரகப் படமே மிஞ்சும்" என்பது அவர்தம் கடைசி அம்பு. அந்த அம்பையும் முறித்துக் காட்டுவோம். கூடித் தேர்வது என்பது கையை உயர்த்தித் தலையை எண்ணுவது மட்டுமன்று. ஒரு படத்தை முன்மொழிபவர், ஏன் என்று எழுந்து நின்று சொல்லவேண்டும். மறுப்பவரும் ஏன் என்று சொல்லவேண்டும். இம்முறையை மேற்கொண்ட முதல் கூட்டத்திலேயே, எம். ஆர். ராதா நடித்து 1954-இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' வேண்டும் என்றார் ஒரு முதியவர். தன் மனைவியைத் தன் நண்பனே மணக்கவேண்டும் என்று கணவனே கேட்கும் துணிவு வேறெந்தப் படத்தில் உண்டு என்பது அவர் வாதம். கைதட்டல் எழுந்தது.

செவிலியர் எழுந்தார். "தொழுநோயைத் தீய ஒழுக்கத்தின் தண்டனையாகக் காட்டுகிறது இப்படம். அந்நோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே மருத்துவர் ஹான்சன் அதை 1873-இலேயே கண்டார். கூட்டு மருந்தால் இன்று முற்றும் குணமாகிறது. ஆயினும் குணமானவரை வீட்டுக்குள் சேர்க்க மறுக்கின்றனரே, அவர்கள் நெஞ்சில் இருப்பது இந்தப் படம் காட்டும் எண்ணந்தான். பகுத்தறிவு பேசும் படத்திலே இது பொருந்துமா?" என்றார்.

கூடம் அமைதியாயிற்று. முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாற்பது முறை பார்த்தேன் அம்மா, இது தோன்றவில்லையே. படத்தைப் போடுவோம், முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு நான் பேசுகிறேன்" என்றார். அவ்விதமே நடந்தது. சொல்லுங்கள்: இது மட்டரகமா? எந்த மேதையின் பட்டியல் இந்த உரையாடலை நமக்குத் தந்திருக்கும்?

மற்றொன்றும் கண்டோம். அயல்நாட்டுப் படம் என்றாலே அடிபணிவோர் ஒருபுறம். அயல்நாட்டுப் படம் என்றாலே அலுத்துக்கொள்வோர் மறுபுறம். இரு பிணிக்கும் மருந்து கொணர்ந்தவர் ஒரு மாணவர். குரோசாவாவின் 'ராஷோமோன்' 1950-இல் வந்தது. ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்கின்றனர். பாடல் ஒன்றுகூட இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-இல் வந்தது. அதிலும் ஒரு கொலை, பல வாய்மொழிகள். அடுத்தடுத்த திங்களில் இரண்டையும் போடுவோம் என்றார். போட்டோம், ஒப்பிட்டோம். அடிபணிந்தவர் தமிழ்ப்படத்தைக் கூர்ந்து நோக்கினார். அலுத்துக்கொண்டவர் ஜப்பானியரை வியந்தார்!

கற்றவர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர் வரவேண்டும்; தாம் அறிந்த அரிய படங்களை முன்மொழிய வேண்டும்; எல்லோரையும் போல எழுந்து நின்று காரணம் கூறவேண்டும். தோற்றால், வென்ற படத்தை முன்வரிசையில் அமர்ந்து பார்க்கவேண்டும். திங்கள்தோறும் முன்மொழியும் உரிமை முறைவைத்து மாறவேண்டும். பின்வரிசைப் பெண்களுக்கும் முறை வரவேண்டும். இவ்வளவே நாம் கேட்பது.

சிறு விஷயத்துக்கு இத்தனை சீற்றமா என்று கேட்பவர்க்கு ஒரு சொல். திங்களுக்கு ஒரு படத்தைக் கூடித் தேரத் தெரியாதவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியை மட்டும் எப்படித் தேர்வர்? கூடத்தின் பாயிலே பழகாத உரிமை, வாக்குச்சாவடியிலே திடுமென முளைக்குமா?

பட்டியல் கிடக்கட்டும், தோழர்களே! வெறுந்தாளை எடுங்கள். முதல் பெயரை, இதுவரை பேசாதவர் எழுதட்டும்!